முயலுக்கு முன்னால் படுத்த நாய்

என் சித்தி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிப்பவள். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். அதற்குள் நூற்றுக்கணக்கான படுக்கை விரிப்புகள் அவள் கையையும் எதிரில் நிற்பவளின் கையையும் தாண்டிப் போயிருக்கும். இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒருமுறை உதறி, நெருங்கி வந்து, விலகி, மறுபடி நெருங்கி மடிக்கிற வேலை. பேச வேண்டியதில்லை. அந்த வேலை சித்திக்குப் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"உன் சித்தி வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். அதான் பத்திரமா மூடி வச்சிருக்கா" என்பார் சித்தப்பா. அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். இரண்டு பேர் பேச வேண்டியதை அவர் ஒருவரே பேசிவிடுவார்.

ஊருக்கு வெளியே, மலைச்சரிவின் அடியில், வேட்டைச் சங்கத்தின் நாய்க்கூடம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் சங்கத்தார் நாற்பது நாய்களோடு முயல் வேட்டைக்குப் போவார்கள். துப்பாக்கி எடுத்துப்போவதில்லை. நாய்கள் மோப்பம் பிடிக்கும், துரத்தும், பிடிக்கும். மனிதர்கள் பின்னால் போய்ப் பார்ப்பார்கள். அந்த நாய்களைப் பராமரிக்கிறவரை ஊரில் எல்லோரும் விசில் என்றே அழைத்தார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு பித்தளை விசில் தொங்கும். அவர் மாதம் ஒருமுறை சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்து, கிழிந்து கழித்த போர்வைகளை நாய்களுக்காக வாங்கிப் போவார். அந்தப் போர்வைகளைக் கட்டிக் கொடுப்பது சித்தியின் பொறுப்பு. அப்படித்தான் பழக்கம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாய்க்கூடத்தில் பிறந்த குட்டிகளை இரண்டாவது மாதத்தில் ஊரில் உள்ள வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குட்டி ஓர் ஆண்டு மனிதர்களோடு வளர வேண்டும். வாகனச் சத்தத்துக்கும் குழந்தைகளுக்கும் பயப்படாமல் பழக வேண்டும். பிறகு நாய்க்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். வளர்த்தவர்கள் அதற்கப்புறம் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் நாய் வீட்டை நினைத்துக்கொள்ளுமாம்.

"ஒரு வருஷம்தானே தங்கச்சி. அதுவா வளரும்" என்றார் விசில், முதல் குட்டியைப் போர்வைக்கட்டின் மேல் வைத்து.

சித்தி ஒன்பது ஆண்டுகளில் ஒன்பது குட்டிகளை வளர்த்தாள். பெயர் வைப்பது வளர்ப்பவர் உரிமை. சங்கத்தின் நிபந்தனை ஒன்றுதான்: கூப்பிட்டால் ஒரு வயல் தாண்டிக் கேட்க வேண்டும். சித்திக்குத் தெரிந்தது சலவைக்கூடம். துண்டு, உறை, திரை, நாடா, போர்வை என்று வைத்துக்கொண்டே போனாள். "அடுத்து இஸ்திரிப்பெட்டின்னு வைப்பா பாரு" என்றார் சித்தப்பா. ஒன்பதாவதற்கு நெற்றி நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதற்குப் பொத்தான் என்று பெயர்.

ஒவ்வொரு குட்டியோடும் அச்சடித்த தாள் ஒன்று வரும். பதினோரு விதிகள். சித்தி அதை அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்து அதன்படியே நடப்பாள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவளுக்குச் சுவரில் ஒட்டிய தாள் என்றால் அது சட்டம். ஏழாவது விதி இப்படி இருந்தது: "வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பிற பிராணிகளைத் துரத்தாதிருக்கக் குட்டியைப் பழக்கவும்."

எழுதியவர் கோழியையும் பூனையையும் மனதில் வைத்து எழுதியிருப்பார். எட்டு குட்டிகள் வரைக்கும் அக்கம்பக்கத்தில் இருந்ததும் அவைதான். பொத்தான் வந்த வருடம் பக்கத்து வீட்டுக்கு ஒரு டீச்சர் குடிவந்திருந்தார். பள்ளி ஆய்வகத்தில் வேண்டாம் என்று விட்ட வெள்ளை முயல் ஒன்றை அவர் கொல்லையில் வளர்த்தார். இரண்டு கொல்லைக்கும் நடுவில் சுவர். சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக ஓர் ஓட்டை. முயல் அதன் வழியாக வந்துபோகும்.

முதல் நாள் பொத்தான் பாய்ந்தது. சித்தி அதன் பிடரியைப் பிடித்துப் படுக்கவைத்து, "படு" என்றாள். மறுநாளும் அப்படியே. பத்து நாளில், முயல் ஓட்டையில் தலை நீட்டினாலே பொத்தான் தானாகப் படுத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் இரண்டும் ஒரே கிழிந்த போர்வையில் தூங்கின. சித்தி வேலைக்குப் போகிற எட்டு மணி நேரமும் குட்டி ஊளையிடாமல் இருந்தது. அவளுக்கு அது வசதியாக இருந்தது. ஏழாவது விதியை இவ்வளவு சுத்தமாக எந்தக் குட்டிக்கும் அவள் கற்றுக்கொடுத்ததில்லை.

ஓராண்டு முடிந்ததும் விசில் வந்து பொத்தானைக் கூட்டிப்போனார். சித்தி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போர்வையைத் துவைத்தாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வாள்.

குளிர்காலம் தொடங்கி மூன்றாவது வாரம், விசில் போர்வைக்கு வந்தவர் போகாமல் பின்வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, உன் பிள்ளைக்கு என்னத்த சொல்லிக்கொடுத்த?"

"ஏண்ணே?"

"நாப்பது நாய்ல மொதல்ல மோப்பம் பிடிச்சது அதுதான். அப்படி ஒரு மூக்கை நான் பாத்ததே இல்ல. ஒரு வயல் முன்னால ஓடுது. தலைவர் தூரக்கண்ணாடிய வச்சுக்கிட்டு 'யாருடா அது, யாருடா அது'ங்கறார். எனக்குப் பெருமை தாங்கல. புதர்கிட்ட போச்சு. முயல் உக்காந்திருக்கு. உன் பிள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா?"

சித்திக்குத் தெரிந்துவிட்டது.

"படுத்துக்கிச்சு. வாலை ஆட்டிக்கிட்டு முயலுக்கு முன்னால படுத்துக்கிச்சு! முயலுக்கே ஒண்ணும் புரியல. கொஞ்ச நேரம் பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. பின்னால வந்த நாயெல்லாம் இதைச் சுத்திச் சுத்தி வருது. மூணு ஞாயிறும் இதே கூத்து."

சலவைக்கூடத்துப் பெண்கள் சிரித்தார்கள். விசிலும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "இப்ப இன்னும் ரெண்டு இளசு அது பக்கத்துல படுக்க ஆரம்பிச்சிருக்கு. தலைவர் பாத்துட்டார். சீசன் முடிஞ்சதும் அதை எடுத்துடச் சொல்லிட்டார்" என்றார்.

"எடுத்துடறதுன்னா?"

விசில் போர்வைக்கட்டின் முடிச்சைச் சரிபார்த்தார்.

"நான் திருப்பி எடுத்துக்கறேண்ணே."

"கூட்டத்துல சேந்தது வீட்ல நிக்காதும்மா. திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு சங்கத்து விதி."

ஒன்பது வருடத்தில் கேட்காததைச் சித்தி அப்போது கேட்டாள். "துண்டு எப்படி இருக்கு?"

"அது போயி மூணு வருஷம் ஆச்சு. ஆறு வயசுக்கு மேல கால் ஓடாது."

"உறை?"

"அதுவும்தான்."

எட்டு நாய்களில் போர்வையும் நாடாவும் மட்டும் உயிரோடு இருந்தன; சரியாக ஓடாத இளசுகளையும் எடுத்துவிட்டிருந்தார்கள். "வேட்டைக்குத் துப்பாக்கி கிடையாதுன்னு சொன்னீங்களே?" என்று சித்தி கேட்டாள்.

"வேட்டைக்குக் கிடையாது" என்றார் விசில்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நாய்களை விட்டுக் காட்டுப் பிராணிகளை வேட்டையாடுவதைத் தடை செய்ய வேண்டும் என்ற மனு. அறுநூறு கையெழுத்தோடு அது நகரமன்றத்துக்குப் போனது. மன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை குழு கூடும்; இரு தரப்பும் சாட்சிகளைக் கொண்டுவரலாம்.

முதல் கூட்டத்திலேயே சங்கத் தலைவர் எழுந்து, "தடை போட்டீங்கன்னா நாப்பத்திரண்டு நாயையும் சுட வேண்டியிருக்கும். அந்தப் பாவம் மனு போட்டவங்களுக்குத்தான்" என்றார். டீச்சர் எழுந்து, "மிரட்டறாங்க" என்றார். கூச்சல். குழுவின் தலைவி ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். வார்டில் சத்தத்தை அடக்கிப் பழகியவர். மேசையைத் தட்டி, விசாரணை முடிந்து அறிக்கை கொடுக்கும் வரை சங்கம் எந்த நாயையும் கொல்லக் கூடாது என்று எழுதிவைத்தார். வேட்டையைப் பற்றி அப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை. அது நடந்தபடி நடந்தது.

ஊரில் தடை வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், கூடாது என்பவர்கள் ஒரு பக்கம். "ரெண்டு பேரும் தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுங்கறாங்க. முயலை யாராவது கேட்டாங்களா?" என்றார் சித்தப்பா. மூன்றாவதாக ஒரு பக்கம் இருப்பது யாருக்கும் தெரியாது. அதில் சித்தி ஒருத்திதான். விசாரணை முடியக் கூடாது. முடியாத வரைக்கும் பொத்தான் உயிரோடு இருக்கும்.

முதல் மாதங்களில் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு செவ்வாயன்று உறுப்பினர்கள் போதவில்லை. இன்னொரு செவ்வாயன்று ஒரு தோட்டக்காரர் தன் முட்டைக்கோஸை முயல் தின்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். வேட்டையால் தின்பது குறைந்ததா என்று கேட்டதற்கு, "குறையல. ஆனா பாக்கறதுக்கு மனசுக்கு ஆறுதலா இருக்கு" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சித்திக்கும் ஆறுதலாக இருந்தது.

சாட்சிப் பட்டியலின் கடைசியில் சித்தியின் பெயர் இரண்டு முறை இருந்தது. அதிகக் குட்டிகளை வளர்த்தவள் என்று சங்கம் போட்டது. பக்கத்து வீட்டுக்காரி என்று டீச்சர் போட்டார். மற்ற எல்லோரும் பேசி முடித்ததும் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு ஷிப்ட் மாறியது. அதற்கடுத்த மாதம் சலவை இயந்திரம் பழுது என்று கடிதம் போனது. இயந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ வாங்கற வாய்தாவைப் பாத்தா வக்கீலெல்லாம் உன்கிட்ட டியூஷன் வரணும்" என்றார் சித்தப்பா. பிறகு குரலை இறக்கி, "எத்தனை நாளைக்கும்மா?" என்றார்.

"முடியற வரைக்கும்" என்றாள் சித்தி.

டீச்சருக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. ஒரு மாலை கொல்லைச் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. கையில் முயல்.

"அக்கா, மெஷின் பழுதா?"

சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க நாய்க்காகத்தான் தள்ளிப்போடறீங்க. எனக்குத் தெரியும். சீசன் முடியறதுக்குள்ள தடை வந்துடும்னு நெனச்சேன். வரல. வர்ற சீசனுக்குள்ளயாவது வரணும். வரலேன்னா திரும்பவும் எல்லா ஞாயிறும் போவாங்க. போற அன்னைக்கெல்லாம் ரெண்டு மூணு முயல். நாலு பக்கமும் பிடிச்சு இழுக்கும். நான் பாத்திருக்கேன். ஒரு நாய்க்காக அத்தனையும் பரவாயில்லையா?"

"ஆமா" என்றாள் சித்தி.

டீச்சர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சித்தி கிளிப்பைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "எனக்கு ஒரு நாய்தான் டீச்சர். நீங்களும் வீட்ல ஒரு முயலத்தான் வச்சிருக்கீங்க. பேர் தெரியாததுக்காக அழ எனக்கு வரல."

"அழச் சொல்லல அக்கா. வந்து பேசச் சொல்றேன்."

சித்தி அடுத்த துணியை உதறினாள்.

சித்தியின் மனத்தை மாற்றியது டீச்சர் அல்ல. அடுத்த வாரம் விசில் போர்வை வாங்க வர வேண்டியது; வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் சித்தி கழித்த போர்வைகளைக் கட்டி, சித்தப்பாவின் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நாய்க்கூடத்துக்குப் போனாள். ஒன்பது ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை.

நீளமான கட்டடம். சிமெண்டுத் தரை, நடுவில் சாக்கடை, இரண்டு பக்கமும் கம்பிக் கதவுகள். தரை கழுவிச் சுத்தமாக இருந்தது. கூடத்தின் கடைசியில் தனியாக ஓர் அறை. அதற்குள் பொத்தான் நின்றிருந்தது. மற்ற நாய்களைக் கெடுத்துவிடும் என்று ஐந்து மாதமாகத் தனியே அடைத்திருந்தார்கள். கம்பியில் உரசி உரசி முகத்தில் ஒரு பக்கம் முடி போயிருந்தது. நெற்றியில் இருந்த வட்டத்தில் பாதி இல்லை. அது சித்தியைப் பார்த்தது, குரைக்கவில்லை. மூன்று அடி முன்னால் வந்தது, திரும்பி மூன்று அடி போனது. மறுபடி வந்தது. அந்த அறையின் நீளமே அவ்வளவுதான்.

எதிர் அறையில் அவள் வளர்த்த போர்வை படுத்துக்கிடந்தது. வயதாகி இடுப்பு விழுந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை.

விசில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு வந்தார். "எடம் இல்ல, தங்கச்சி. உத்தரவுன்னு ஒண்ணையும் எடுக்கக் கூடாது. முடியாததெல்லாம் கெடக்கு. நான் ஒருத்தன். போர்வை வாங்க வர நேரம் ஏது?" பொத்தானின் அறைப் பக்கம் தலையை ஆட்டி, "உயிரோட இருக்குன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. இருக்கு" என்றார்.

சித்தி கம்பிக்குள் கைவிட்டு, "படு" என்றாள். பொத்தான் உடனே படுத்துக்கொண்டது.

அடுத்த செவ்வாயன்று அவள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நகரமன்றத்துக்குப் போனாள். எல்லா நாற்காலிகளும் நிறைந்திருந்தன. அவள் வாயைத் திறப்பதைப் பார்ப்பதற்காகவே சலவைக்கூடத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். சித்தப்பா முன்வரிசையில் இருந்தார்.

தலைவி கேட்டார்: "நீங்க எத்தனை குட்டி வளத்தீங்க?"

"ஒன்பது."

"அதைப் பத்திச் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் துரத்தாதேன்னு சொல்லிக்கொடுத்தேன். அங்க போனதும் துரத்துன்னு சொல்லிக்கொடுத்தாங்க. எட்டும் ரெண்டையும் கத்துக்கிச்சு. ஒன்பதாவது மொதல்ல சொன்னதை மறக்கல."

சங்கத் தலைவர் எழுந்தார். வேட்டை நாயின் ரத்தத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, இந்த அம்மாவின் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்றார்.

சித்தி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நான்கு மூலையிலும் ஒட்டிய தடம் இருந்தது. "நீங்க கொடுத்ததுதான்" என்று ஏழாவது விதியைப் படித்தாள். 'அக்கம்பக்கத்திலும்' என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலைவி மேசையைத் தட்டினார். சிரிப்பு அடங்கும்வரை சித்தி தாளைப் பிடித்தபடி நின்றாள்.

"ரத்தத்துல இருக்குங்கறார். இருக்கும். மொத நாள் அதுவும் பக்கத்து வீட்டு முயல் மேல பாய்ஞ்சுது. படுன்னு சொன்னேன், பத்து நாள்ல படுத்துச்சு. நாய்க்கு ரெண்டும் வரும். நாம எதைச் சொல்றோமோ அதைச் செய்யும். அதனால நாய் மேல பழி போட வேண்டாம். அதைச் செய்யச் சொல்றது நாமதான்."

"அப்ப தடை வேணுங்கறீங்களா?"

சித்தி தாளை மடித்துப் பையில் வைத்தாள். இந்தக் கேள்வியைத்தான் அவள் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தாள்.

"வேணும். தடை போட்டா நாப்பத்திரண்டைச் சுடணும்னு அவர் சொன்னார். தடை இல்லாமலே என் எட்டுல ஆறு போயிடுச்சு. அந்தக் கணக்கையும் எழுதிக்குங்க. எழுதறப்ப நாய்க்கும் ஒரு வரி எழுதுங்க. வளத்த வீட்டைக் கேக்காம ஒண்ணையும் கொல்லக் கூடாதுன்னு."

உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க எதுவும் பேசவில்லை.

விசாரணை அத்தோடு முடிந்தது. இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. மன்றத்தில் ஒன்பதுக்கு ஆறு என்று தடை நிறைவேறியது. அறிக்கையின் கடைசிப் பத்தியில் சித்தி கேட்ட வரி இருந்தது. வளர்த்த வீடுகளுக்குக் கடிதம் போனது. பதினேழு வீடுகள் இருபது நாய்களை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை விசில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பொத்தான் இறங்கியது. பிறகு அவர் வேனுக்குள் போய், நடக்க முடியாத போர்வையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். சித்தி இரண்டுக்கும் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தாள். நாடாவைத் தன் மகள் வீட்டுக்குக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"ஒண்ணு கேட்டா ஒண்ணு இலவசமா?" என்றார் சித்தப்பா. போர்வையை அவர்தான் வாங்கிக்கொண்டார்.

விசிலின் கழுத்தில் விசில் இல்லை. காகிதத்தை நீட்டி, "இங்க ஒண்ணு போடு" என்றார்.

சித்தி கையெழுத்துப் போட்டாள். முன்பெல்லாம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போயிருப்பாள். இந்த முறை கேட்டாள். "மிச்சம்?"

"ஒன்பது வேற ஊர்ச் சங்கத்துக்குப் போகுது."

"அதுபோக?"

"பதிமூணு. வீட்ல கேட்டாச்சு. வேண்டான்னுட்டாங்க. வரியில போட்ட மாதிரி கேட்டாச்சு, தங்கச்சி."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

சித்தி அவர் சட்டைப் பையிலிருந்த பட்டியலைக் கேட்டு வாங்கினாள். பதிமூன்று பெயர்களையும் ஏழாவது விதி இருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதை மடிப்பு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். விரிப்பை உதறி நெருங்கி வருகிற ஒவ்வொரு தடவையும் எதிரில் நிற்பவளிடம் ஒரு பெயரைச் சொன்னாள். வார்டுகளுக்குப் போகும் துணி வண்டிகளோடும் போய்ச் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை என்று சலவைக்கூடத்தில் இப்போதும் சொல்கிறார்கள். டீச்சர் தன் பள்ளியில் ஒன்றுக்கு இடம் பிடித்தார். முயலை வைத்துக்கொண்டு அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தாளில், இடம் கிடைக்காத நான்கு பெயர்கள் அடிக்கப்படாமல் இருந்தன. பத்து மணி வரை காத்திருப்பதாக விசில் சொல்லியிருந்தார். பத்தரைக்கு அவர் சலவைக்கூடத்தின் பின்வாசலில் வந்து நின்றார். சித்தி நான்கு போர்வைகளை எடுத்துக் கொடுத்தாள். கிழிந்ததில்லை, நல்லவை. அவர் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த நான்கு பெயரும் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன.